23 மேக்ஃபைல்கள், ஒரு எக்ஸ்பேண்ட்: ஸ்பேஸை மறுபடியும் டேப்பாக்கிய கதை

திங்கட்கிழமை காலை பில்ட் சர்வர் ஒரே ஒரு வரியைச் சொல்லி நின்றுவிட்டது. மேக்ஃபைலின், அதாவது நிரலைக் கட்டும் மேக் என்ற கருவிக்கு எழுதிக்கொடுக்கும் குறிப்பு ஃபைலின், 14ஆம் வரியில் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ (பிரிப்பான் இல்லை). ஃபைலைத் திறந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. உருவாக்க வேண்டிய இலக்கின் பெயர், அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி ஜிசிசி (சி கம்பைலர்) கட்டளை, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலை வரை அதே மேக்ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணை நம்பாமல் எழுத்துகளைப் பார்க்கும் வழி ஒன்று உண்டு. அதைத்தான் முதலில் செய்தேன். இந்தக் கட்டுரை முழுக்கக் கட்டளைகளை அவற்றின் ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேட் -ஏ மேக்ஃபைல்

இதில் ‘ஏ’ பெரிய எழுத்து. டேப் இருக்கும் இடத்தில் ஒரு தொப்பிக் குறியும் அதையடுத்து ஐ எழுத்தும் வரும். வரி முடிவில் டாலர் குறி நிற்கும். ஸ்பேஸ் ஸ்பேஸாகவே தெரியும். 14ஆம் வரியில் தொப்பிக் குறியைக் காணோம். நான்கு ஸ்பேஸ்கள் இருந்தன. ஆஸ்கியில் டேப்பின் எண் 9, ஸ்பேஸின் எண் 32. திரையில் இரண்டும் வெறும் வெள்ளைதான், ஆனால் மேக்குக்கு இரண்டும் சம்பந்தமே இல்லாத எழுத்துகள்: கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும்.

நாங்கள் பயன்படுத்தும் பதிப்பான ஜிஎன்யூ மேக் இந்த விஷயத்தில் கொஞ்சம் உதவக்கூடியதுதான். வரி எட்டு ஸ்பேஸ்களோடு தொடங்கினால், எட்டு ஸ்பேஸுக்குப் பதில் டேப் போட நினைத்தீர்களா என்று பிழைச் செய்தியிலேயே கேட்கும். எங்கள் ஃபைலில் இருந்தது நான்கு. அதனால் அந்தக் குறிப்பு வரவில்லை. அது வந்திருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கக் கிட்டின் கமிட் வரலாற்றை, அதாவது யார் எந்த மாற்றத்தைச் சேமித்தார் என்ற பதிவைப் பார்த்தேன். குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி பைத்தான் பக்கத்திலிருந்து வந்தவர். பைத்தானில் உள்தள்ளலுக்கு நான்கு ஸ்பேஸ் என்பது பெப் 8 என்ற நடைக் கையேடு சொல்லும் வழக்கம். டேப்பும் ஸ்பேஸும் முறையில்லாமல் கலந்தால் பைத்தான் 3 டேப்எரர் என்று நின்றுவிடும். எங்கள் ஃபைல்கள் சிலவற்றில் இரண்டும் கலந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். நல்ல எண்ணத்தோடுதான், தன் வேலையை முடித்ததும் ஃபோல்டர் முழுவதிலும், டேப்பை ஸ்பேஸாக்கும் ‘எக்ஸ்பேண்ட் -டி 4’ ஓட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகப் போட்டிருக்கிறார். அதைச் சரிபார்த்தது நான். வெள்ளை இட மாற்றங்களை மறைத்துக் காட்டும் பார்வையில் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். அந்தப் பார்வையில் அவருடைய உண்மையான மாற்றங்கள் மட்டும்தான் தெரிந்தன.

உடனே கிட்டில் பின்னுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பாதி வேலை அப்படித்தான் முடிந்தது. மொத்தம் 23 மேக்ஃபைல்கள். அவற்றில் 14இல் டேப் ஸ்பேஸானதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் இல்லை. ‘கிட் டிஃப் -டபிள்யூ’ வெள்ளை இட வேறுபாட்டைப் புறக்கணித்து ஒப்பிடும். அது எதுவும் காட்டாத ஃபைல்களைப் பழைய கமிட்டிலிருந்து அப்படியே எடுத்து வைத்தேன். மீதி ஒன்பதில் தம்பி வாரம் முழுக்கச் செய்த வேலையும் அதே கமிட்டில் கலந்திருந்தது. அதைத் தூக்கியெறிய முடியாது. இந்த ஒன்பதுக்காகத்தான் ஸ்பேஸை டேப்பாக மாற்றும் வேலையில் இறங்கினோம்.

எக்ஸ்பேண்டுக்கு எதிர்க்கட்டளை ஒன்று யூனிக்ஸில் நெடுநாளாக இருக்கிறது: அன்எக்ஸ்பேண்ட். முதலில் எந்தத் தெரிவும் கொடுக்காமல் ஓட்டினோம். ஃபைல் ஒரு எழுத்துகூட மாறவில்லை. காரணம், சும்மா ஓட்டினால் அது எட்டு எட்டு இடமாக எண்ணும். வரி தொடக்கத்தில் நான்கு ஸ்பேஸ் மட்டும் இருந்தால் எட்டாவது இடத்தை எட்டாது, அதனால் தொடாது.

சரி, நான்கு என்று சொல்லிவிடுவோம் என்று ‘அன்எக்ஸ்பேண்ட் -டி 4’ கொடுத்தோம். மேக் ஓடியது. பில்ட் முடிந்தது. ஆனால் பில்ட் உருவாக்கும் அறிக்கையில் பத்திகள் எல்லாம் கோணலாகிவிட்டன.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிற பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அன்எக்ஸ்பேண்ட் தானாக ஓடும்போது வரியின் தொடக்க வெள்ளையை மட்டும் மாற்றும். ஆனால் ‘-டி’ கொடுத்த அடுத்த நொடி ‘-ஏ’ கொடுத்ததாகவும் எடுத்துக்கொள்ளும், அதாவது வரி முழுவதும். வரியின் நடுவில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்பேஸ்கள் சேர்ந்து ஒரு டேப் நிறுத்தத்தில் (இங்கே நான்கின் மடங்கான இடத்தில்) போய் முடிந்தால் அவையும் டேப்பாகிவிடும். எங்கள் மேக்ஃபைலில் ஒரு பிரிண்ட்எஃப் கட்டளை இருந்தது. அதன் மேற்கோள் குறிகளுக்குள் பத்திகளை ஒழுங்காக நிறுத்துவதற்காகவே எண்ணி வைத்த ஸ்பேஸ்கள் இருந்தன. அவை டேப்பாகிப் போயின. கட்டளைக்கு மேற்கோளும் தெரியாது, சரமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இடம் மட்டும்தான். தொடக்கத்தை மட்டும் மாற்ற வேண்டுமானால் ஜிஎன்யூ பதிப்பில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்:

அன்எக்ஸ்பேண்ட் -டி 4 --ஃபர்ஸ்ட்-ஒன்லி பழையது > புதியது

பழையதும் புதியதும் வேறு வேறு பெயர்களாக இருக்கட்டும். ஒரே ஃபைலை இரண்டு பக்கமும் கொடுத்தால், கட்டளை தொடங்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிடும். படிக்க எதுவும் மிஞ்சாது. வேறு ஃபைலில் எழுதிப் பார்த்துவிட்டு மாற்றி வைப்பதுதான் பாதுகாப்பு. ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: புதிய ஃபைலைப் பழைய பெயருக்கு நகர்த்தினால் இயக்கும் அனுமதி போய்விடும். அதற்குப் பதில் புதியதன் உள்ளடக்கத்தைக் கேட் வழியாகப் பழைய ஃபைலுக்குள் திருப்பிவிட்டால் அனுமதி அப்படியே இருக்கும்.

குழுவில் ஒருவர், உரையில் தேடி மாற்றும் கட்டளையான செட் போதுமே என்றார். வரித் தொடக்கத்தில் நான்கு ஸ்பேஸைப் பிடித்து ஒரு டேப்பாக மாற்று என்று ஒரு வரியில் எழுதலாம், உண்மைதான். ஆனால் அது முதல் அடுக்கை மட்டுமே மாற்றும். எட்டு ஸ்பேஸ் இருந்தால் ஒரு டேப்பும் நான்கு ஸ்பேஸுமாக நிற்கும். சுழற்சி வைத்து எழுதினால்தான் முழுவதும் மாறும். இன்னொருவர் ‘டிஆர் -எஸ்’ என்றார். அது ஸ்பேஸ் தொடர் எங்கே இருந்தாலும் ஒரு டேப்பாகச் சுருக்கும். டிஎஃப், பிஎஸ் போன்ற கட்டளைகள் தரும் பத்திகளை விரிதாளில் ஒட்டுவதற்கு அருமையான கருவி. நிரல் ஃபைலில் மட்டும் அதை ஓட்டிவிடாதீர்கள். கட்டளைக்கும் அதன் தெரிவுக்கும் நடுவில் இருக்கும் ஒற்றை ஸ்பேஸ்கூடத் தப்பாது.

தொடக்கத்தை மட்டும் மாற்றிய ஒன்பது ஃபைல்களும் பிழையில்லாமல் ஓடின. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். முடியவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு க்ராஷை டீபக்கரில் பார்க்கப்போனால் வரி எண்களே வரவில்லை. டீபக் பில்டில் அந்த எண்களைத் தரும் ‘-ஜி’ என்ற தெரிவு சேர வேண்டும், சேரவில்லை. பழைய கமிட்டை ஒரு தனி ஃபோல்டரில் எடுத்து, இரண்டிலும் ‘மேக் -என்’ ஓட்டினேன். கட்டளைகளை நிறைவேற்றாமல் அச்சிட மட்டும் செய்யும் தெரிவு அது. இரண்டு வெளியீடுகளையும் டிஃப்பில் வைத்தபோது தெரிந்தது. எல்லா ஜிசிசி வரியிலும் ‘-ஜி’ காணாமல் போயிருந்தது.

மேக்ஃபைலில் கீழ்ப்பகுதியில் க்ளீன் என்ற இலக்கு இருந்தது. அதன் கட்டளைக்கு அடுத்து ஓர் இஃப்ஈக்யூ, அதாவது நிபந்தனை. அதற்குள், படிக்க வசதியாக நான்கு ஸ்பேஸ் தள்ளி, கம்பைலர் தெரிவுகளை வைத்திருக்கும் சிஃப்ளாக்ஸ் மாறியில் ‘-ஜி’யைச் சேர்க்கும் வரி. இந்த நான்கு ஸ்பேஸ்கள் எக்ஸ்பேண்ட் ஓடுவதற்கு முன்பே ஸ்பேஸாகத்தான் இருந்தன. முதலில் எழுதியவர் தெரிந்தே ஸ்பேஸ் வைத்திருக்கிறார். நாங்கள் அதையும் டேப்பாக்கிவிட்டோம். ஒரு விதிக்குப் பின் டேப்பில் தொடங்கும் வரி வந்தால் மேக் அதை அந்த விதியின் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். நடுவில் இஃப்ஈக்யூ இருப்பது அதை மாற்றாது. ஆகவே ‘-ஜி’யைச் சேர்க்கும் வரி க்ளீனின் கடைசிக் கட்டளையாகிவிட்டது. யாராவது ‘மேக் க்ளீன்’ கொடுத்திருந்தால் ஷெல் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று புலம்பியிருக்கும். அன்று யாரும் கொடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் வெள்ளிக்கிழமையிலிருந்தே ஓசையில்லாமல் இருந்திருக்கிறது. இன்னொரு மேக்ஃபைலில் ஓர் இலக்கின் ஒரே கட்டளை ‘எல்சி_ஆல்=சி சார்ட்’ என்று தொடங்கும். அதன் டேப் ஸ்பேஸாக மாறியதும் மேக் அதைக் கட்டளையாகப் பார்க்கவில்லை. சமக் குறி இருப்பதால், எல்சி_ஆல் என்ற மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் வரியாகப் படித்துக்கொண்டது. பிழைச் செய்தி கிடையாது. இலக்குக்குக் கட்டளையே இல்லாமல் போனது. செய்ய ஒன்றும் இல்லை என்று மேக் சொல்லிவிட்டு அமைதியாக இருந்தது. வரிசைப்படுத்தப்பட்ட பட்டியல் உருவாகவே இல்லை. மிஸ்ஸிங் செபரேட்டர் என்று கத்திய 14ஆம் வரியைவிட இந்த மௌனம்தான் என்னைப் பயமுறுத்தியது.

அன்று மாலை தம்பி என் மேசைக்கு வந்து கேட்டார்: “அக்கா, இந்த மேக்குக்கு மட்டும் ஏன் டேப்தான் வேணும்? ரெண்டையும் ஏத்துக்கிட்டா என்ன?” நியாயமான கேள்வி. மேக்கை எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், பெல் லேப்ஸில், 1976இல். உள்ளீட்டைச் சொற்களாகப் பிரிக்க உதவும், அப்போது புதிதாக வந்திருந்த லெக்ஸ் என்ற கருவியைப் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சிக்கிக்கொண்டதும், புதுவரியும் டேப்பும் என்ற எளிய அமைப்பை வைத்து வேலையை முடித்தார். சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுடைய ஃபைல்கள் கெட்டுவிடக்கூடாது என்று அதை மாற்றாமல் விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காகக் காத்த முடிவு இன்றும் நம் ஒவ்வொரு மேக்ஃபைலிலும் இருக்கிறது. அந்த மேக்குக்காக 2003ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது அவருக்குக் கிடைத்தது. கருவி அவ்வளவு பயனுள்ளது. அதன் டேப்பும் அதோடு சேர்ந்தே வந்தது.

டேப்புக்குப் பதில் வேறு குறியை வைத்துக்கொள்ள ஜிஎன்யூ மேக் 3.82இல், 2010இல், ரெசிப்பிப்ரீஃபிக்ஸ் என்ற மாறி வந்தது. அதை வைத்துக்கொள்ளலாமா என்று பேசினோம். எங்களில் இருவர் ஆப்பிளின் மேக் கணினியில் வேலை செய்கிறார்கள் (பெயர் ஒலி மட்டும்தான் ஒன்று). ஆப்பிள் அதோடு தரும் ஜிஎன்யூ மேக் 3.81. அதற்கு அந்த மாறி தெரியாது. அதோடு அந்த யோசனையை விட்டோம்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது ஃபைல்களையும் முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை கேள்வியையே மாற்றிக்கொண்டோம். ஸ்பேஸை எப்படி டேப்பாக்குவது என்று கேட்பதை விட்டு, எந்த வரியில் டேப் இருந்தது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டோம். அன்எக்ஸ்பேண்டுக்குத் தெரியாது. பழைய கமிட்டுக்குத் தெரியும். பழைய ஃபைலை எடுத்து, தம்பியின் உண்மையான மாற்றங்களை மட்டும் அதன் மேல் வைத்தால் மற்ற வரிகள் எல்லாம் தங்கள் பழைய வெள்ளையோடேயே இருக்கும். பழைய கமிட்டுக்கும் புதியதற்கும் நடுவே ‘கிட் டிஃப் -டபிள்யூ’ எடுத்து ஒரு ஃபைலில் சேமித்தோம். பழைய மேக்ஃபைலை வைத்துவிட்டு இதைக் கொடுத்தோம்:

கிட் அப்ளை --இக்னோர்-வைட்ஸ்பேஸ் மாற்றம்

அந்தத் தெரிவு முக்கியம். மாற்றத்தைச் சுற்றியுள்ள வரிகளில் டிஃப் ஸ்பேஸைக் காட்டும், ஃபைலில் டேப் இருக்கும். அந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு, ஃபைலில் இருக்கும் டேப்பை அப்படியே விட்டுவைக்கும். ஒன்பது ஃபைல்களிலும் தடையில்லாமல் பொருந்தியது. தம்பி புதிதாகச் சேர்த்த வரிகள் மட்டும் ஸ்பேஸோடு வந்து நின்றன. ஒன்பதிலும் சேர்த்து 31 வரிகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, கட்டளை வரி எது, மாறி வரி எது என்று பிரித்துக் கையால் மாற்றினோம். முப்பத்தோரு வரிக்குக் கட்டளை தேடுவது வீண்.

அதில் ஒரு வரி மட்டும் திருத்திய பிறகும் அடம்பிடித்தது. கேட் -ஏ போட்டால் டேப்புக்கு அடுத்து ‘எம்-பிஎம்-’ என்று ஏதோ வந்தது. சாட் ஜன்னலிலிருந்து ஒட்டிய வரி அது. அதில் இருந்தது சாதாரண ஸ்பேஸே இல்லை, வரி உடையாத ஸ்பேஸ். யூனிகோடில் அது தனி எழுத்து. யூடிஎஃப்-8இல் இரண்டு பைட் பிடிக்கும். அன்எக்ஸ்பேண்டும் செட்டும் அதை ஸ்பேஸாக எண்ணுவதில்லை. அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினோம்.

மூன்று ஷெல் ஸ்கிரிப்டுகளில் வந்த பாதிப்பு வேறு மாதிரி. ஹியர்-டாக் என்பது ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஒரு முடிவுச் சொல் வரை எழுதும் உரை. அதைத் தொடங்கும்போது இரண்டு ‘விடச் சிறியது’ குறிகளுக்குப் பின் ஒரு மைனஸ் போட்டால், ஷெல் உள்ளே இருக்கும் வரிகளின் தொடக்க டேப்களை நீக்கிவிடும். டேப்களை மட்டும்தான், ஸ்பேஸை நீக்காது. முடிவுச் சொல்லின் முன் இருந்த டேப் ஸ்பேஸாகிவிட்டதால் அந்தச் சொல்லை ஷெல் அடையாளம் காணவில்லை. ஸ்கிரிப்டின் மிச்சம் முழுவதையும் உரையாக விழுங்கிவிட்டது. இங்கே அன்எக்ஸ்பேண்ட் நன்றாகவே உதவியது. அந்த மூன்று ஸ்கிரிப்டுகளும் முழுக்க டேப்பால் உள்தள்ளி எழுதப்பட்டவை. தொடக்க ஸ்பேஸுக்கு வேறு அர்த்தம் அவற்றில் கிடையாது. ஃபர்ஸ்ட்-ஒன்லி சேர்த்து ஓட்டி, கிட் டிஃப் -டபிள்யூ வெறுமையாக வருகிறதா என்று பார்த்து முடித்தோம்.

கடைசியாக ஊர்ப் பெயர் பட்டியல். டேப்பால் பிரித்த மூன்று பத்திகள்: ஊர், பகுதி, எண். இதிலும் எக்ஸ்பேண்ட் ஓடியிருந்தது, இதிலும் புதிய வரிகள் அதே கமிட்டில் இருந்தன. அந்தப் புதிய வரிகளுக்குப் பழைய வடிவம் என்று எதுவும் இல்லை. சரி, இரண்டு ஸ்பேஸோ அதற்கு மேலோ இருந்தால் பத்திப் பிரிப்பு, ஒரு ஸ்பேஸ் என்றால் பெயருக்குள் இருப்பது என்று எடுத்துக்கொண்டு மாற்றலாம் என்றார் தம்பி. ஆங்கிலப் பெயர்களிலேயே அது எப்போதும் சரிவராது. டேப் நிறுத்தத்துக்கு ஓர் இடம் முன்னால் பெயர் முடிந்தால் டேப் ஒற்றை ஸ்பேஸாகிவிடும். தமிழில் அந்த இடத்தைக் கண்ணால் எண்ணிக்கூடப் பார்க்க முடியாது. நாங்கள் வைத்திருந்தது உபுண்டு 22.04. அதிலுள்ள எக்ஸ்பேண்ட் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்.

‘மதுரை’யை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து. பைட்டில் 15. நான்கின் அடுத்த மடங்கு 16. எனவே அதன் பின் இருந்த டேப் ஒரே ஒரு ஸ்பேஸாகிவிட்டது. ‘வட சென்னை’யில் நடுவிலுள்ள ஸ்பேஸோடு 25 பைட், அடுத்த நிறுத்தம் 28, ஆகவே மூன்று ஸ்பேஸ். இப்போது ‘மதுரை மேற்கு  12’ என்று ஒரு வரி இருக்கிறது. ஊர் மதுரை, பகுதி மேற்கா? அல்லது ஊரின் பெயரே மதுரை மேற்கு, பகுதிப் பத்தி அதன் டேப்போடு விடுபட்டதா? வட சென்னைக்குள் இருக்கும் ஒற்றை ஸ்பேஸும் இந்த ஒற்றை ஸ்பேஸும் ஒரே எழுத்து. எந்தக் கட்டளையாலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பிரித்துச் சொல்வதற்கான தகவலே ஃபைலில் இல்லை. டேப்பை ஸ்பேஸாக்கும்போது அது அழிந்துவிட்டது.

பழைய வரிகளைப் பழைய கமிட்டிலிருந்து எடுத்தோம். புதிய வரிகள் இரண்டே இரண்டு. தம்பி தனக்கு வந்த செய்தியைத் தேடி எடுத்து வாசித்தார்: “மதுரை தனி அக்கா, மேற்கு தனி. ரெண்டாவது வரியில பகுதி இல்ல, காலியா விடணும்.” டேப் விசையைத் தட்டி இரண்டையும் சேர்த்தேன்.

புதன்கிழமை இரண்டு ஏற்பாடுகளைச் செய்தோம். மேக்ஃபைலில் இஃப்ஈக்யூவுக்குள் வரும் வரிகளை இனி ஓரத்திலிருந்தே எழுதுகிறோம், உள்தள்ளுவதில்லை. தொடர்ச்சி வரிகளுக்கு டேப். அப்படியானால் மேக்ஃபைலில் ஸ்பேஸோடு தொடங்கும் வரி எதுவுமே இருக்கக்கூடாது. அதைக் கண்டுபிடிக்க ஒற்றை வரி க்ரெப் தேடல் போதும்; கமிட்டுக்கு முன் அது தானாக ஓடுகிறது. எடிட்டர்களுக்கு உள்தள்ளலைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் ஃபைலிலும் மேக்ஃபைலுக்கு டேப் என்று எழுதியாயிற்று. கெடுத்த கமிட்டையும் திருத்திய கமிட்டையும், கிட் 2.23இலிருந்து வரும் வசதியின்படி, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் ப்ளேமில் தவிர்க்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டோம். இல்லாவிட்டால் பல வருடங்களுக்கு முன் யார் எழுதிய வரியானாலும் தம்பியின் பெயரையோ என் பெயரையோதான் காட்டிக்கொண்டிருக்கும்.

அன்று மாலை பழைய ஃபோல்டரிலும் புதியதிலும் ‘மேக் -என்’ மறுபடி ஓட்டி ஒப்பிட்டோம். தம்பியின் வார வேலை காரணமாக வர வேண்டிய ஆறு வரிகள் மட்டும் வேறுபட்டன. ‘-ஜி’ திரும்பியிருந்தது. எல்சி_ஆல் வரி மீண்டும் கட்டளையாகியிருந்தது. தம்பி இன்னொரு முறை கேட் -ஏ போட்டு, 14ஆம் வரியின் தொடக்கத்தில் இருந்த தொப்பிக் குறியை எனக்குக் காட்டினார்.